துளசியைக் கழுவினால் மட்டும் போதுமா?

உங்கள் வீட்டுத் துளசியில் பூங்கதிர் முற்றிய கிளை ஒன்றை ஒடித்து, தலைகீழாகப் பிடித்து, ஒரு வெள்ளைத் துணியின் மேல் நாலு முறை தட்டிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய பூச்சிகள் துணியில் ஊரும். அவற்றின் எச்சம் கறுப்புப் புள்ளிகளாக உதிரும். காய்ந்த பூவிதழ், சிலந்தி நூலில் சிக்கிய கொசு, மண் துகள் என்று இன்னும் பல விழும். நகரத்து மாடியாக இருந்தால் விரலில் ஒட்டும் சாம்பல் நிறத் தூசியும் சேரும். 'வீட்டில் வளர்த்தது, மருந்தே அடிக்காதது' என்று நாம் நம்பிக்கையோடு வாயில் போடும் தழையில் இத்தனையும் இருக்கின்றன.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. திறந்தவெளியில் வளரும் செடி என்றால் இப்படித்தான் இருக்கும். ஆனால் அறுத்த தழையை என்ன செய்வது என்பதை நம் பயிற்சிகளில் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. விதை, மண்கலவை, பஞ்சகவ்யம், பூச்சிவிரட்டி என்று அறுவடை வரை பேசுகிறோம். அறுத்த மறுநொடியே பேச்சு சமையலறைக்கோ சந்தைக்கோ போய்விடுகிறது. இடையில் இருக்கும் 2 நாள் வேலையில்தான் மூலிகையின் தரம் நிற்கிறது, விலையும் நிற்கிறது.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் தரத் தொடங்கியது. அதன் பிறகு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்ககங்களில் துளசி, புதினா, கற்பூரவல்லி, தூதுவளை, வல்லாரை, முருங்கை வளர்க்காத மாடிகள் குறைவு. கொரோனா ஆண்டுகளில் இது இன்னும் பெருகியது. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் கற்பூரவல்லியும் ஆடாதோடையும் இருக்கின்றன என்று தெரிந்ததும் ஆளுக்கொரு பையில் நட்டார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இதே பகுதிகளில்தான் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலையும் நடந்தது. கச்சேரி சாலை, மந்தைவெளி, பனகல் பூங்கா, அடையாறு என்று தோண்டிய இடமெல்லாம் மண்ணும் சிமெண்டுத் தூசியும் பறந்தன. பக்கத்து மாடிச் செடியின் இலையைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. அதோடு புறாக்கள். எந்த அடுக்ககத்தின் மேல்தொட்டி ஓரத்தையும் அவை விட்டுவைப்பதில்லை.

திருவள்ளூரிலோ செங்கல்பட்டிலோ நிலத்தில் துளசியும் கீரையும் போட்டுச் சென்னைக்கு அனுப்பும் விவசாயிக்கு இது வேறு வடிவில் வருகிறது. அங்கே மெட்ரோ தூசி இல்லை. மழை தெறித்த சேறு இருக்கிறது, புழு இருக்கிறது, களை இருக்கிறது. மாடிக்காரர் தவறு செய்தால் அவர் வீட்டுக் கஷாயம் கெடும். விவசாயி தவறு செய்தால் மூட்டை திரும்பி வரும்.

காய்ந்தால் தூசி நாலு மடங்கு

மூட்டை ஏன் திரும்புகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 10 கிலோ பச்சைத் தழையில் 100 கிராம் மண்ணும் குப்பையும் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1 விழுக்காடு, கண்ணுக்கே தெரியாது. தழையில் 80 விழுக்காடு தண்ணீர் என்று கொண்டால், 10 விழுக்காடு ஈரம் நிற்கும்படி உலர்த்தியதும் 10 கிலோ தழை ஏறக்குறைய 2 கிலோ 220 கிராம் ஆகிவிடும். தண்ணீர் போய்விட்டது, மண் போகவில்லை. அதே 100 கிராம் மண் இப்போது 4 விழுக்காட்டுக்கும் மேல்! சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான அரசுத் தர நூல்கள் பெரும்பாலான இலைச் சரக்குகளில் அயற்பொருளுக்கு அனுமதிப்பது 2 விழுக்காட்டை ஒட்டித்தான். மண் கலந்ததா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் ஆய்வகத்தில் தப்பாது. சரக்கை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் போட்டு, கரையாமல் நிற்பதை எடைபோடுவார்கள். கரையாமல் நிற்பதில் பெரும்பகுதி உங்கள் வயல் மணல்.

திருவான்மியூரில் 1944 முதல் இயங்கும் மருத்துவர் கூட்டுறவான இம்ப்காப்ஸ் போன்ற இடங்களும், அரசின் டாம்ப்கால் நிறுவனமும் மூலிகை கொள்முதல் செய்பவை. இப்படிப்பட்ட இடங்களுக்கு நேரடியாகச் சரக்கு தர வேண்டும் என்று ஆசைப்படும் உழவர் குழுக்கள் நிறைய. விளைவிப்பதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. சுத்தத்தில்தான் வழுக்குகிறார்கள். இடைத்தரகர் மூட்டையைக் குறைந்த விலைக்கு வாங்கி, சல்லடையும் முறமும் வைத்து ஆள் விட்டுப் புடைத்து, நல்ல விலைக்கு விற்கிறார். அவர் சம்பாதிப்பது பெரும்பாலும் அந்தப் புடைத்த கூலியைத்தான். அதை நாமே செய்துகொள்ளலாம். அதுவும் காய்ந்த பிறகல்ல, பச்சையாக இருக்கும்போதே.

வாளி மூன்று, நம்பிக்கை ஒன்று

அண்மைக்காலமாக மாடித்தோட்டக்காரர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வெளிநாட்டில் கஞ்சாச் செடியின் பூங்கொத்தை அறுத்ததும் 3 வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து உலர்த்தும் காணொளிகளைப் பார்த்திருக்கிறார்கள். அதைத் துளசிக்கும் செய்யலாமா என்பது கேள்வி. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவருக்கு 3 செடி வளர்க்க அனுமதி உண்டு. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொட்டியில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். உத்தராகண்ட் 2018இல் நாருக்கான வகைக்கு உரிமம் கொடுத்தது. அதிலும் போதைப்பொருள் 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நமக்கு அதில் வேலை இல்லை.

ஆனால் அந்தக் காணொளியில் உள்ள வேளாண்மை நமக்கு வேண்டியதுதான். அந்தப் பூங்கொத்தில் பிசின் சுரக்கும் நுண்ணிய சுரப்பி முடிகள் அடர்ந்திருக்கும். வெளியில் வளர்ந்தால் தூசி, முடி, இறந்த பூச்சி எல்லாம் பிசினில் ஒட்டிக்கொள்ளும். அடர்ந்த கொத்துக்குள் புழு புகுந்தால் எச்சம் தங்கி, மழைக்காலத்தில் உள்ளிருந்தே அழுகும். அதனால்தான் கழுவுகிறார்கள். நம் துளசி, புதினா, கற்பூரவல்லி இலைகளிலும் மணம் தரும் எண்ணெய் மேல்தோலில் உள்ள சுரப்பிகளில்தான் இருக்கிறது. பிசின் ஒட்டலைத் தவிர மற்ற சிக்கல்கள் எல்லாம் ஒன்றே.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஆகவே குளிர்ந்த நீரில் சில நொடி அலசினால் மணம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் சுரப்பி மெல்லிய தோல் பை போன்றது. தேய்த்தால் உடையும், கசக்கினால் உடையும். கழுவிய கை மணத்தால், தழை மணக்கவில்லை என்றால் உடைத்துவிட்டீர்கள் என்று பொருள். வெந்நீரும் வேண்டாம்.

அந்தக் காணொளிகளில் முதல் வாளியில் எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் சேர்த்து ஊற்றுகிறார்கள். பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால் மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர். தூசியை எடுப்பது அலையும் தண்ணீர்தான். பொங்கல் நுரை அல்ல. சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள். விற்கப்போகும் மூலிகைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்: இலையின் நிறம் வெளுக்கும், வாங்குகிறவர் சந்தேகப்படுவார். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டும் கூடவே கூடாது. கொரோனா காலத்தில் காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவியவர்களை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வேண்டாம் என்று சொன்னது.

அறுப்பதற்கு முன்பே பாதி வேலை

கழுவுவது அறுவடைக்குப் பின் தொடங்கும் வேலை என்று நினைக்கிறோம். என் கணக்கில் அது 2 வாரம் முன்பே தொடங்குகிறது.

முதலில் தெளிப்பை நிறுத்துங்கள். வேப்பெண்ணெய் தெளித்தால் இலையில் படலமும் கசப்பு வாடையும் நிற்கும். அது கழுவிப் போகாது. 3 விழுக்காடு பஞ்சகவ்யம், அமுதக்கரைசல் போன்றவற்றை இலைவழி தெளிக்கும் பழக்கம் இயற்கை வேளாண் நண்பர்களிடம் உண்டு. பயிருக்கு நல்லது. ஆனால் சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசலை அறுப்பதற்கு 4 நாள் முன் இலையில் அடித்து, அந்தப் புதினாவைப் பச்சையாகத் துவையல் அரைத்தால் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று யோசியுங்கள். இயற்கை என்பதாலேயே நுண்ணுயிரி நமக்கு உறவாகிவிடாது. கடைசி 2 வாரம் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள்.

ரசாயனப் பூச்சிமருந்தைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும். செடியின் சாற்றில் கலந்து ஊடுருவும் மருந்துகள் இலைக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கின்றன. எத்தனை வாளியில் முக்கினாலும் வெளியே வராது. உலர்த்தினால் மேலே சொன்ன மண் கணக்குப்படியே அதுவும் செறிவாகும். மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். கத்தரி, பருத்தி, நெல் என்று இருக்கும். துளசி என்று எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எத்தனை நாள் காத்திருந்து அறுக்க வேண்டும் என்று யாரும் சோதித்துச் சொல்லாத பயிரில் அடிப்பது சூதாட்டம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது நினைவிருக்கலாம். ஒருசில தோட்டங்கள் அடித்த மருந்துக்கு அடிக்காதவரும் சேர்ந்து காத்துக்கிடக்க வேண்டியிருந்தது.

நகரத்தில் இன்னொன்று உண்டு. மாநகராட்சி கொசுப்புகை அடித்துப்போனால் அந்த வாரம் அறுக்காதீர்கள். தீபாவளிக்கு மறுநாளும் போகிக்கு மறுநாளும்கூட வேண்டாம். ஓரிரண்டு முறை செடியை மேலிருந்து நன்றாகக் கழுவிவிட்டு, புதுத் தளிர் வந்த பிறகு அறுப்பது நல்லது.

அறுவடைக்கு 2 நாள் முன் காலையில், குழாயை விரலால் அடைத்துப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தில் தண்ணீர் அடியுங்கள். செஞ்சிலந்தி, அசுவினி, வெள்ளை ஈயின் குஞ்சுகள் எல்லாம் அடிப்புறத்தில்தான் இருக்கின்றன. துளசியில் இலை மேலே வெளிறிப் புள்ளி புள்ளியாக இருந்து, அடியில் தார் தெளித்ததுபோல் கறுப்பாக இருந்தால் அது வலைபோன்ற சிறகுள்ள லேஸ் பூச்சியின் வேலை. தண்ணீர் அடித்தால் குஞ்சுகள் உதிரும். வெளிறிய இலை திரும்பப் பச்சையாகாது. அந்தக் கிளையை வெட்டி எறிந்துவிடுங்கள். பழுத்த இலை, அடியில் மண்ணைத் தொடும் இலை ஆகியவற்றையும் இப்போதே கிள்ளிவிடலாம். நிலத்தில் வளர்ப்பவர்கள் வைக்கோல் மூடாக்குப் போட்டால் மழைச் சேறு இலைக்கு ஏறாது. 1 ரூபாய் வைக்கோல் 5 ரூபாய்க் கூலியை மிச்சப்படுத்தும் என்று சொல்வது வழக்கம். கணக்கு ஊருக்கு ஊர் மாறலாம், திசை மாறாது.

அறுக்கும் நாள்

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். சென்னையில் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள். நல்ல கத்தரியால் வெட்டுங்கள். கையால் பிடுங்கினால் வேர் மண்ணும் சேர்ந்து வரும். துளசியைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினால் மறுபடி தழையும். வெட்டியதைத் தரையில் போடாதீர்கள். இது சொல்லத் தேவையில்லாத அறிவுரைபோல் இருக்கும், ஆனால் பத்துத் தோட்டத்துக்குப் போனால் எட்டில் தரையில்தான் குவிந்திருக்கிறது.

முதலில் உலர்ந்த சுத்தம், பிறகுதான் ஈரச் சுத்தம். ஒவ்வொரு கிளையையும் தலைகீழாகப் பிடித்து வெள்ளைத் துணிமேல் தட்டுங்கள். பிறகு நிழலில் இன்னொரு துணியில் பரப்பி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். செடி வாடத் தொடங்கியதும் சிலந்தி, எறும்பு, வண்டு தாமாகவே நடந்துபோகும். அவற்றில் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் இருந்தால் அள்ளிக் கொண்டுபோய் நிற்கும் செடியில் விடுங்கள். அசுவினியைத் தின்கிற உங்கள் வேலையாட்கள் அவை. உலர்ந்த தூசி இந்தத் தட்டலிலேயே பெரும்பகுதி போய்விடும். நேரே தண்ணீரில் முக்கினால் அது சேறாகி இலை நரம்புக்குள் ஒட்டும்.

இந்த அரைமணி நேரத்தில் பிரித்தெடுக்கும் வேலையை முடிக்க வேண்டும். சில தழை கழுவுவதற்கே தகுதியில்லாதது. சாம்பல் நோய் படர்ந்த இலை, பூசணம் பிடித்த பூங்கதிர், புழு குடைந்து எச்சம் நிறைந்த கொத்து, புறா எச்சம் பட்ட இலை ஆகியவற்றைக் கழுவிச் சேர்க்காதீர்கள். வெளியில் தெரியும் பூசணம் போனாலும் அதன் இழை உள்ளே இருக்கும். முருங்கையில் கம்பளிப்புழு மேய்ந்த கொப்பை முழுவதுமாக ஒதுக்குங்கள். புழுவை எடுத்துவிட்டாலும் அதன் முடி இலையில் நிற்கும். தொட்டவருக்கு அரிக்கும், தின்றவருக்குத் தொண்டையும் அரிக்கும்.

அதன் பிறகு வாளி. முதல் வாளியில் நல்ல தண்ணீர். கிளையின் காம்பைப் பிடித்து, கொத்தை உள்ளே முக்கி, முன்னும் பின்னும் 20, 30 நொடி மெதுவாக அசையுங்கள். இரண்டாவதில், புழு, அசுவினி இருந்தால் மட்டும், லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்பு. 2 நிமிடம் போதும். உப்பு நீர் பட்டால் பிடித்துக்கொண்டிருக்கும் புழு பிடியை விடும். காலிஃபிளவருக்கு வீட்டில் செய்வதுதான் இது. மஞ்சள்தூள் சேர்ப்பவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் காயவைத்து விற்கும் தழைக்குக் கறை படியும். மூன்றாவது வாளியில் திரும்பவும் நல்ல தண்ணீர். இதைச் சோம்பாமல் செய்ய வேண்டும். உப்பு இலையில் தங்கிவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் காயவைத்தாலும் தழை மொறுமொறுப்பாகாது. பெசன்ட் நகர் பக்கம் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி வாளிக்குக் குடிநீரையே பயன்படுத்துங்கள். முதல் வாளித் தண்ணீர் கலங்கியதும் கொட்டிவிட்டுப் புதிது பிடியுங்கள். ஒரே தண்ணீரில் 20 கிலோ முக்கினால் கடைசிக் கிலோ முதல் கிலோவின் அழுக்கையும் சுமக்கும். கொட்டும் தண்ணீரை, உப்பு வாளியைத் தவிர, செடிக்கே விடலாம்.

நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள், உருவிவிட்டும் கழுவாதீர்கள். முருங்கையைக் கொப்போடு கழுவிய பிறகே உருவ வேண்டும். வல்லாரை மட்டும் விதிவிலக்கு: தரையோடு படர்வதால் மணல் மிகுதி. வேரை நறுக்கிவிட்டு, நாலைந்து தண்ணீராவது மாற்ற வேண்டும். ஆவாரம்பூ போன்ற உலர் பூக்களைக் கழுவவே வேண்டாம். தட்டி, சலித்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

கழுவிய பின்தான் ஆபத்து

சரியாக உலர்த்த வழியில்லையென்றால் கழுவாமல் இருப்பதே மேல். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தூசியோடு காய்ந்த துளசி தரம் குறைந்த துளசி. நனைந்து, குவிந்து, 2 நாள் கிடந்த துளசி பூசணம் பிடித்த குப்பை.

அலசியதும் நன்றாக உதறுங்கள். ஒரு கைப்பிடிக்கு மேல் போகாத சிறு கட்டுகளாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அல்லது கொசுவலை கட்டிய சட்டத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். முதல் 2 மணி நேரத்தில் மேலீரம் போயாக வேண்டும், மின்விசிறி ஓடட்டும். பிறகு நிழல், காற்றோட்டம். நேர் வெயிலில் போட்டால் துளசி கறுக்கும், மணமும் பறந்துவிடும். சென்னையில் பிற்பகல் கடற்காற்று வந்ததும் காற்றில் ஈரம் ஏறும். காலையில் மொறுமொறுவென்று இருந்தது மாலையில் துவளும். அதனால் மாலையில் வீட்டுக்குள் எடுத்து மூடிவைத்து, காலையில் திரும்ப வெளியே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த நகரத்தில் நிழலில் உலர்த்தலாம் என்று திட்டமே போடாதீர்கள். அந்த 2 மாதம் பச்சையாகப் பயன்படுத்துங்கள். அல்லது 40 முதல் 45 டிகிரி வெப்பத்தில் ஓடும் உலர்த்தி வேண்டும்.

காம்பை வளைத்தால் வளையாமல் 'படக்' என்று ஒடிய வேண்டும். அதுதான் பதம். கொஞ்சம் ஈரம் விட்டால் எடை கூடுமே என்று நினைப்பவர்களுக்கு: 10 கிலோ பச்சைத் தழையை 10 விழுக்காடு ஈரத்தில் நிறுத்தினால் 2 கிலோ 220 கிராம், 15 விழுக்காட்டில் நிறுத்தினால் 2 கிலோ 350 கிராம். 130 கிராம் லாபத்துக்காக மொத்த மூட்டையையும் பூசணத்துக்குப் பணயம் வைக்கிறோம்.

காய்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, 10 நாளுக்கு ஒருமுறை அடியில் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மிளகுக்குக் கால்வாசி அளவுள்ள வண்டும் பொடியும் தெரிந்தால் அது புகையிலை வண்டு. நாட்டு மருந்துச் சரக்கு எதையும் அது விடாது. வீட்டு அளவாக இருந்தால், நன்கு காய்ந்த தழையைக் காற்றுப் புகாத பையில் அடைத்து ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள். பை அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் தழையில் பனித்துவிடும்.

விவசாயிகளிடமும் மாடித்தோட்டக்காரர்களிடமும் இவ்வளவு கேட்டுவிட்டு, துறையிடம் ஒன்றும் கேட்காமல் விடக் கூடாது. ஒரு தொகுப்பில் பை, தென்னை நார்க் கழிவு, விதை எல்லாம் இருக்கின்றன. உலர்த்தும் கொசுவலைச் சட்டம் ஒன்று ஏன் இல்லை? அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. சூரியக் கூடார உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. ஆனால் அரை ஏக்கர் துளசிக்காரர் தனியாக அதை வாங்க மாட்டார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வாங்கி, கிலோவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட வேண்டும். அதன் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி மூன்றும் ஒரு குழாயும் இருந்தால் கழுவும் இடமும் ஆயிற்று. கொள்முதல் செய்யும் நிறுவனங்கள், கழுவிய சரக்குக்கு ஒரு விலை, கழுவாததற்கு ஒரு விலை என்று வாசலில் எழுதிப் போடட்டும். இரண்டுக்கும் ஒரே விலை என்றால் எந்த விவசாயியும் மூன்று வாளி தூக்க மாட்டார். தூக்கச் சொல்லும் தகுதி நமக்கும் இல்லை.

உதவித் தோட்டக்கலை அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சிக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் போங்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் தோட்டத்துத் துளசிக் கிளையையே வெட்டிவரச் சொல்லி, அவரையே தட்டச் சொல்லுங்கள். பிறகு வாளிகளை நிரப்பத் தொடங்கலாம்.